எந்தப் போர்

தவசிக்கரட்டுப் போரில் இரத்தம் வந்தது என்றொரு நம்பிக்கை மாவட்டம் முழுவதும், ஓரளவு படித்தவர்களிடம்கூட, வேரூன்றிவிட்டது. அது அடியோடு தவறு என்பதை வேறு எதையும் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டியிருக்கிறது. தவசிக்கரட்டுப் போரில் வந்தது தண்ணீர். நிறமில்லாத, மணமில்லாத, பருப்பு வேகக்கூடிய நல்ல தண்ணீர். இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதற்கு, குடிக்க உகந்தது என்று முத்திரையோடு தாள் வந்தது. அந்தத் தாள் ஊராட்சி அலுவலகத்து இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் இன்னமும் இருக்கிறது. இரத்தம் என்று கிளப்பிவிட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் அப்படிக் கிளப்பிவிட்ட வாரத்திலும் தங்கள் குடங்களை இங்கே கொண்டுவந்துதான் நிரப்பினார்கள்.

சொல் குறித்த குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அகராதிகளில் போர் என்பதற்குச் சண்டை ஒரு பொருள், வைக்கோற்குவியல் இன்னொரு பொருள். தவசிக்கரட்டில் இந்த இரண்டும் செல்லாது. வைக்கோற்போர், நெல் விளைந்த காலத்தோடு போய்விட்டது. சண்டையை அந்த ஊரில் சண்டை என்றே சொல்வார்கள், அது இரண்டு வீடுகளுக்கு இடையில் வேலித் தகராறாக நடந்தாலும் சரி, இரண்டு நாடுகளுக்கு இடையில் பீரங்கியோடு நடந்தாலும் சரி. போர் என்றால் நிலத்தைத் துளைத்துக் குழாய் இறக்கி மோட்டார் வைப்பது, அவ்வளவுதான். போர் போட்டாச்சா, போர் ஓடுதா, போர் போச்சு என்று நாள் முழுவதும் பேசுகிறவர்களிடம் போய் அது ஆங்கிலச் சொல் என்று சொன்னால், வெள்ளைக்காரனுக்கும் தண்ணிப் பஞ்சம்தானா என்று கேட்பார்கள். செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும் போர் அவர்களுக்கு வாசிக்கும் சொல். பேசும் சொல் அல்ல. இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஒரு மனிதரை ஏழு நாள் இது காப்பாற்றி வைத்திருந்தது.

ஊருக்கு மேற்கே பாறைக் கரட்டின் அடியில் போட்டது பன்னிரண்டாவது போர். முதல் பதினொன்றும் புழுதி கக்கியவை. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர், பதினொரு முறையும் தேங்காய் எழுந்து நின்றதாகச் சத்தியம் செய்தவர், பன்னிரண்டாவது முறை கூப்பிட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை. ஆகவே லாரி நிற்க எங்கே வசதியோ அங்கேயே துளைத்தார்கள். தொள்ளாயிரத்து இருபது அடி வரைக்கும் வெள்ளைப் புழுதி. சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்கு, லாரிக்காரர்கள் குழாயைக் கழற்றி ஏற்றத் தொடங்கிய வேளையில், டீக்கடைத் தொலைக்காட்சியில் நம் நாடு போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார்கள். அதே வேளையில் துளையிலிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி, லாரி டிரைவரின் சட்டையையும் அவர் பையில் இருந்த பீடிக்கட்டையும் நனைத்தது.

எந்த நாட்டோடு என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கதைக்கு அது வேண்டாத விவரம். அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள் என்று நம் தொலைக்காட்சி சொன்னது. அவர்கள் தொலைக்காட்சியும் அதையேதான் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கும் என்று ஊகிக்க அதிகப் படிப்பு தேவையில்லை.

ஊர் இரண்டு நாள் வியந்தது. மூன்றாம் நாள் மோட்டார் இறக்கினார்கள், நான்காம் நாள் மேல்நிலைத் தொட்டிக்கு இணைப்புக் கொடுத்தார்கள், ஐந்தாம் நாள் தெற்குத் தெருவுக்கு அதிகமாகவும் வடக்குத் தெருவுக்குக் குறைவாகவும் வருவதாகச் சண்டை வந்துவிட்டது. ஆக ஐந்தே நாளில் அது மற்ற எல்லாத் தண்ணீரையும் போல ஒரு தண்ணீர் ஆகிவிட்டது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கணக்கு இருப்பதை முதலில் பார்த்தவர் தொட்டி ஆபரேட்டர் சீனிச்சாமி. ஐம்பத்து மூன்று வயது. மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, மாதம் இரண்டு தடவை தொட்டிக்குள் இறங்கி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது, கழுவிய தேதியைத் தொட்டியின் வெளிப்புறத்தில் நீலப் பெயின்ட்டில் எழுதுவது, இவை அவர் வேலை. தொட்டிக்கு ஏற அறுபத்திரண்டு படி இரும்பு ஏணி; துருப்பிடித்து ஆடுவது; ஊரில் அவரைத் தவிர யாரும் அதில் ஏறியதில்லை. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் கயிற்றில் கல்லைக் கட்டித் துளைக்குள் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்ப்பது அவர் பழக்கம். ஒரு நாள் அறுபது அடியில் நிற்கும். மறுநாள் எழுநூறு அடிக்குப் போய்விடும். அதற்கு மறுநாள் நாற்பது. மூன்று வாரமாகிவிட்ட பிறகு, டீக்கடையில் ஹவில்தார் குருநாதன் உரக்க வாசிக்கும் செய்தித்தாளையும் தன் கயிற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்: எல்லையில் சண்டை பலமாக நடந்த நாளுக்கு மறுநாள் தண்ணீர் மேலே வந்தது, இரண்டு பக்கமும் ஓய்ந்திருந்த நாளுக்கு மறுநாள் கீழே போனது. ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் ஊரில் உள்ள பெண்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. குடம் தூக்குகிறவர்களுக்குக் கயிறு தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் இயல்பாக நடந்தது. தொலைக்காட்சியில் பேச்சுவார்த்தை என்ற சொல் வந்தால், சோறு பிசைந்துகொண்டிருந்தவர்கள் கையை உதறிவிட்டுக் குடத்தோடு ஓடினார்கள். பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்கள், இன்னைக்கித் தண்ணி உண்டா என்று கேட்பதை விட்டு, சண்டை பலமா என்று கேட்டார்கள். அந்த ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்றிருந்த மூன்று குடும்பங்கள் பேசி முடித்துப் பூ வைத்துவிட்டுப் போயின. பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகள் ஒன்பதில் சேர வந்தார்கள். காளியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தபோது பூசாரிக்கு என்ன கேட்டு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திணறல் ஏற்பட, கூட்டத்திலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்: சண்டையும் நடக்கணும், யாருக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாது. நல்ல வேண்டுதல் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். சின்ன வெங்காயம் எழுபது நாள் பயிர். பத்தாம் நாளே நட்டுவிட்டவர்கள் இன்னும் எத்தனை நாள் சண்டை வேண்டும் என்பதைச் சுவரில் கோடு கிழித்து எண்ணினார்கள். நட்டவர்களில் சீனிச்சாமியின் மனைவி ஒச்சம்மாளும் ஒருத்தி. தொட்டியடியில் வழிந்து வீணாகும் தண்ணீருக்குத்தான், நாற்பது சென்ட்.

இவர்கள் கொடியவர்கள் அல்ல. சண்டையை இவர்கள் ஆரம்பிக்கவில்லை, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறவர்களும் யாரும் இல்லை. முப்பது வருடமாகக் காய்ந்து கிடந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்கும் உரிமை உண்டு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அதை மறுக்க, தினமும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும்.

சீனிச்சாமிக்கு இருந்த சிக்கல் வேறு. அவருடைய ஒரே மகன் ஜெயபாண்டி, இருபத்து நான்கு வயது, அந்தச் சண்டை நடக்கும் மலையில் முன்வரிசையில் இருந்தான். ஊரில் மற்றவர்களுக்குக் கயிறு தண்ணீரை அளந்தது. அவருக்கு அது வேறொன்றையும் அளந்தது. தண்ணீர் முப்பது அடிக்கு வந்துவிட்டால் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிடுவார். எண்ணூறு அடிக்குப் போனால் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவார். அப்படி அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட நாட்களிலெல்லாம் ஊர் அவரைத் திட்டியது, தண்ணீர் வராததற்கு ஆபரேட்டரைத் திட்டுவதுதானே உலக வழக்கம்.

வைகாசிக் கடைசியில், ஒரு மத்தியானம், ஜெயபாண்டி போனில் வந்தான். குரலில் களைப்பு இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஊரில் தண்ணீர் கொட்டுகிறதாமே என்று கேட்டான், கூட இருக்கிற பையன்களிடம் சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றான். நம்ப வேண்டாம் என்று சீனிச்சாமி சொன்னார். பிறகு சும்மா பேசிக்கொண்டிருக்கிற மாதிரி அவன் ஒன்று சொன்னான்.

“அந்தப் பக்கம் பாறைக்குப் பின்னாடி ஒருத்தன் இருமிக்கிட்டே இருப்பான்ப்பா. ராவும் பகலும். அவன் இருமுனா எங்களுக்குச் சிரிப்பா வரும், உனக்குத் தைலம் அனுப்பவாடான்னு கத்துவோம். மூணு நாளாச்சு, சத்தத்தையே காணோம்.”

“ஊருக்குப் போயிருப்பான்” என்றார் சீனிச்சாமி.

“போயிருப்பான்ப்பா” என்றான் மகன்.

அந்த இருமல் நின்றதற்கு மறுநாள்தான் தண்ணீர் பத்தொன்பது அடிக்கு வந்திருந்தது. அதுவரை வந்ததிலேயே அதுதான் உச்சம். அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் படம்கூடப் பிடித்தார்கள்.

போன் வந்த மறுநாளிலிருந்து சீனிச்சாமி அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கிழக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊர் கைவிட்ட உப்புக் கிணற்றுக்குச் சைக்கிளில் போய், ஒரு கேன் பிடித்துவந்து வைத்துக்கொண்டு அதை மட்டும் குடித்தார். ஒச்சம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

“ஏய்யா, நீ உப்புத்தண்ணி குடிச்சா அங்க துப்பாக்கி வெடிக்காமப் போயிருமா?”

போகாது என்று அவருக்கும் தெரியும். ஒரு நாள் மோட்டார் போடாமலும் இருந்து பார்த்தார். மின்சாரம் இல்லை என்று பொய் சொன்னார். சத்துணவுக்கு அரிசி களையத் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் எல்லையில் இருபத்திரண்டு பேர் செத்ததாகச் சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். சண்டையால் தண்ணீர் வந்ததே தவிர, தண்ணீரை நிறுத்தினால் சண்டை நிற்பதாக இல்லை. நல்லது செய்வதற்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் இருந்து, அதைத் தட்டுவதும் தட்டாமல் இருப்பதும் ஒரே பலனைத் தருமானால், அந்த மனிதன் என்னதான் செய்ய வேண்டும் என்பதற்கு அறநூல்களில் விடை இருக்கலாம். தொட்டி ஆபரேட்டர்களுக்கான நடைமுறை விதிகளில் இல்லை.

ஆகவே அவர் எழுதினார். தொட்டி கழுவும் நாள் வந்தது, கழுவினார், வழக்கம்போல் தேதியை எழுதினார், எழுதியபின் டப்பாவில் பெயின்ட் மிச்சம் இருந்தது. தேதிக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரத்துக்கு, பட்டப்பகலில், போர் வேண்டாம் என்று எழுதிவிட்டு இறங்கினார். போர் என்று ஏன் எழுதினார், சண்டை என்று ஏன் எழுதவில்லை என்பது ஆராயத்தக்கது. சண்டை வேண்டாம் என்பது குழாயடியில் பெண்களுக்குச் சொல்வது போலத் தோன்றியது அவருக்கு; பெரிய விஷயத்துக்குப் பெரிய சொல்தானே எழுத வேண்டும் என்று, செய்தித்தாள் சொல்லை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு எழுத்தின் மேல் இருந்த மரியாதை அது.

ஊர் அண்ணாந்து பார்த்தது, வாசித்தது, கொதித்தது. போர் வேண்டாமாமே. பன்னிரண்டு போட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, அது இவருக்கு வேண்டாமாமே. வேலை கூடிப்போச்சு, அதுதான் என்றார்கள் சிலர்; முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் லாரித் தண்ணீருக்கு வால்வைத் திருகிவிட்டு வேப்பமரத்தடியில் படுத்திருந்தவர், இப்போது தினமும் எழ வேண்டியிருக்கிறதே. தண்ணீர் லாரிக்காரன் இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்றார்கள் வேறு சிலர். ஒச்சம்மாளிடம் குழாயடியில், உன் வீட்டுக்காரருக்கு வேண்டாட்டி அவரு மட்டும் குளிக்காம இருக்கட்டும், என்றாள் ஒருத்தி. ஊராட்சித் தலைவர் இந்திராணி, பொறுமைசாலி, சீனிச்சாமியைக் கூப்பிட்டு அழித்துவிடச் சொன்னார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேறு யாரையாவது ஏறச் சொல்லலாம் என்றால், அந்த ஏணியில் ஏற யாரும் வரவில்லை. வெள்ளையடிக்கத் தீர்மானம் போட வேண்டும் என்றார் செயலர். எழுத்து அங்கேயே இருந்தது.

கவனிக்க வேண்டியது, முந்நூற்றெழுபது வீடுகள் உள்ள அந்த ஊரில் ஒருவருக்கும் அது வேறு போராக இருக்கலாம் என்று தோன்றவில்லை. ஒரே ஒருவருக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஹவில்தார் குருநாதன். சீனிச்சாமிக்கு மாமன் முறை. மூன்றாம் நாள் காலையில் மோட்டார் அறைக்கு வந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சீனிச்சாமி கயிற்றை இழுத்துச் சுருட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“மாப்ள, நீ எழுதுனது இந்தப் போரு இல்லல்ல?”

சீனிச்சாமி கயிற்றை ஆணியில் மாட்டினார்.

“ஊரு என்ன நெனைக்குதோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். நாம நிறுத்துனா அவன் நிறுத்துவானா?”

“தெரியல மாமா.”

“நாளைக்கி அவன் இந்தப் பக்கம் எறங்கி வந்தா?”

“தெரியல மாமா.”

“ஒண்ணும் தெரியாமத்தான் ஆள் ஒசரத்துக்கு எழுதுனியாக்கும்” என்றார் குருநாதன். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: “நான் அங்க இருந்திருக்கேன்டா. அங்க நிக்கிறவனுக்குத் துப்பாக்கி பெருசில்ல. பின்னாடி ஊரு நிக்கிதுன்னு ஒரு நெனப்பு, அதுதான் பெருசு. பெத்த அப்பனே வேண்டாம்னு எழுதிப் போட்டான்னு தெரிஞ்சா அவன் எதைப் புடிச்சிக்கிட்டு நிப்பான்?”

சீனிச்சாமி, “அவன நிக்க வேண்டாம்னுதான மாமா சொல்றேன்” என்றார்.

இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்ததால், இரண்டு பேருக்கும் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. குருநாதன் எழுந்து, வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எத்தனை அடி என்று கேட்டார். முப்பத்தொன்று என்றார் சீனிச்சாமி. குருநாதன் அந்தப் பக்கத்தில் இருந்த குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு போனார்.

ஏழாம் நாள் சிறப்பு கிராம சபை. வட்டார வளர்ச்சி அலுவலர் வருகிறார். இரண்டு காரியம்: புதிய போரை முறைப்படி ஊருக்கு ஒப்படைப்பது. எல்லையில் நிற்கும் ஜெயபாண்டியின் தகப்பனாருக்குப் பொன்னாடை போர்த்துவது. போர் வீரரின் தந்தைக்குப் பாராட்டு என்று பேனர் அடித்திருந்தார்கள். போர் வீரர் என்றால் மோட்டார் போடுகிற சீனிச்சாமிதானே, அவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவுக்கு ஏன் பாராட்டு, அவர் செத்து இருபது வருடமாயிற்றே என்று இரண்டு பேர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார்கள்.

பந்தல் தொட்டிக்கு நேர் எதிரே போடப்பட்டிருந்தது. அலுவலர் வெளியூர்க்காரர், இளைஞர், நன்றாகப் படித்தவர். சால்வையைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, சீனிச்சாமி மேடைக்கு ஏறி வரும் இடைவெளியில், எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தார். வாசித்தார். அவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரியும்.

இதை எழுதியது யார் என்று கேட்டார். இவர்தான் என்று கூட்டம் சொன்னது. அலுவலரின் கையில் சால்வை அப்படியே நின்றது. மகனை அனுப்பிவிட்டு இப்படி எழுதினாரா என்று மெல்லக் கேட்டார். அப்போதுதான் கூட்டத்துக்கு அவர் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்து, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அய்யோ சார், அது இல்ல சார், நம்ம போரைச் சொல்றாரு, மோட்டார் போடச் சோம்பேறித்தனம், என்று நாலா பக்கமிருந்தும் விளக்கினார்கள். ஏழு நாளாக அவரை ஏசியவர்கள்தாம், ஆனால் நம் ஆளை வெளியாள் ஒருவர் தப்பாக நினைப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முதல் வரிசையில் குருநாதன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திராணி சீனிச்சாமியின் பக்கத்தில் வந்து நின்று, ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுங்கண்ணே, அழிச்சிரலாம், என்று உதடு அசையாமல் சொன்னார்.

தலையை ஆட்டினால் சால்வை தோளில் விழும், வேலை நிலைக்கும், மகனுக்கு ஒரு குறையும் வராது. ஊர் அதுவரை கண்டறியாத ஒற்றுமையோடு அவருக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது.

“நீங்களே சொல்லுங்க ஐயா” என்றார் அலுவலர். “எந்தப் போர்?”

சீனிச்சாமி கூட்டத்தைப் பார்த்தார். ஒன்பதில் சேர்ந்த பெண்பிள்ளைகள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும்” என்றார்.

அலுவலருக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டியவர்கள் கூட்டத்தில் இருந்தவர்கள், அவர்களுக்குப் புரிந்தது. தினமும் அவர்கள் பேசிய ஒரு சொல்லும் தினமும் குருநாதன் வாசித்துக் கேட்ட ஒரு சொல்லும், ஐம்பது நாளாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து ஒன்றையொன்று முகம் பார்க்காமல் இருந்தவை, அந்த இடத்தில் எதிரெதிரே வந்து நின்றன. ஒருவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார், பிறகு இன்னொருவர். தேநீர் கொடுக்க வைத்திருந்தார்கள்; போரில் பிடித்த தண்ணீரில் போட்டது; அதை எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தயங்கிய சிலர், பிறகு எடுத்துக்கொண்டார்கள். அலுவலர் சால்வையை மடித்தார். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக வழியில்லை என்பதால், முன்னாள் படைவீரர் என்ற முறையில் அது குருநாதனுக்குப் போர்த்தப்பட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கொடியில் போட்டுவிட்டார் என்று கேள்வி.

செயலர் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தொட்டி ஆபரேட்டர் இரண்டு பொருள்கள் குறித்தும் ஆட்சேபம் தெரிவித்தார் என்று எழுதினார்.

மோட்டார் அறைச் சாவியைச் சீனிச்சாமியிடமிருந்து வாங்கினார்கள். வேறு ஆள் கிடைக்காததால் குருநாதனே மோட்டார் போட்டார். கயிற்றை விட்டு அளக்கும் வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. டீக்கடையில் செய்தித்தாளை உரக்க வாசிப்பதையும் விட்டுவிட்டார். வேண்டியவர்கள் மனதுக்குள் வாசித்துக்கொண்டார்கள். சீனிச்சாமியை யாரும் அடிக்கவில்லை, பேசாமலும் இல்லை. எதிரே வந்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள், பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

ஆனால் கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அது ஊரைவிட்டு வெளியே போய், மலையேறி, எல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்பது நாள் கழித்து, வெங்காயத்துக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளின் போனில் ஜெயபாண்டி வந்தான். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டான். அவள் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வரப்பில் வைத்தாள்.

“அப்பா. ஆபீசர் கூப்புட்டுக் கேட்டாருப்பா. ஒங்கப்பா என்னமோ எழுதியிருக்காராமே, பேசியிருக்காராமேன்னு.”

சீனிச்சாமி போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க ஊருல போருன்னா போர்வெல்லு சார், அங்க போட்டுருக்குறது தண்ணி சரியில்ல, அதத்தான் எழுதியிருக்காரு, ரெண்டு போரு இருக்கு, ரெண்டும் வேண்டாம்னாருன்னு சொல்லிட்டேன். மொகத்தப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சிட்டாரு. போன்னுட்டாரு.”

ஒச்சம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் வாயையே பார்த்தாள்.

“சரிதானப்பா நான் சொன்னது?” என்று கேட்டான் மகன்.

வட்டார வளர்ச்சி அலுவலருக்கு முன்னால் வந்த சொல் இப்போது சீனிச்சாமிக்கு வரவில்லை. அவன் புரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னானா, புரியாமலேயே சொன்னானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னானா, அப்பாவைக் காப்பாற்றச் சொன்னானா என்பதை அந்தக் குரலிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. பிரித்தெடுத்தாலும் அவன் நிற்கும் இடம் மாறப்போவதில்லை.

“சரிதான்ப்பா” என்றார். “தண்ணி சரியில்ல. அதத்தான் எழுதுனேன்.”

“அப்ப சரிப்பா” என்றான் ஜெயபாண்டி. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தான்.

அன்று சாயங்காலம் சீனிச்சாமி யாரும் சொல்லாமலே ஏணியில் ஏறி எழுத்தின் மேல் வெள்ளையடித்தார். மட்டமான சுண்ணாம்பு, நீலம் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இறங்கி வந்து, உப்புக் கிணற்றுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சண்டை அறுபத்து மூன்றாம் நாள் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு தொலைக்காட்சிகளும் மறுபடி ஒரே விதமாகச் சொல்லியிருக்கும். அன்று பிற்பகலிலேயே பன்னிரண்டாவது துளை புழுதி கக்கிவிட்டு ஓய்ந்தது. ஐம்பத்து மூன்று நாளில் பிடுங்கிய வெங்காயம் கோலிக்குண்டு அளவுக்கு இருந்தது. பெண் பேசிப் பூ வைத்த மூன்று குடும்பங்களில் ஒன்று பின்வாங்கியது. ஆடி மாதம் ஜெயபாண்டி விடுப்பில் வந்தான், முழு உடம்போடு. அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்த இருபது நாளும் உப்புக் கிணற்றுக்குக் கேனை அவன்தான் எடுத்துப் போனான் என்று சொல்கிறார்கள். வேறு தண்ணீர் இல்லாததாலும் இருக்கலாம்.

அடுத்த வருடம் பதின்மூன்றாவதாக ஒன்று போட்டார்கள். இருநூற்றுப் பத்து அடியில், சோப்பு நுரைக்காத சுமாரான தண்ணீர், தினமும் மூன்று மணி நேரத்துக்கு வருகிறது. அதை அந்த ஊரில் யாரும் போர் என்று சொல்வதில்லை. ஆழ்குழாய் என்கிறார்கள்.